நாயகனும் நாலு பேரும்

தமிழிலே காப்பியத்துக்கு இலக்கணம் வகுத்தவர்கள் அதன் தலைவனுக்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள். அவன் தனக்கு நிகர் இல்லாதவனாக இருக்க வேண்டும். மலையும் கடலும் நாடும் நகரும் பருவமும் போரும் வெற்றியும் அவனைச் சூழ வருணிக்கப்பட வேண்டும். அந்த நாட்டில் உழுதவர், அந்த நகரில் தெருக் கூட்டியவர், அந்தப் போரில் ஈட்டி பிடித்தவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதி எதுவும் இல்லை. பரணி என்ற சிற்றிலக்கிய வகைக்கு வந்தால் கணக்கு இன்னும் துல்லியமாகிறது. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி பாடலாம் என்றார்கள். யானைகளுக்குக் கணக்கு உண்டு. அவற்றின் மேல் இருந்த பாகர்களுக்கு இல்லை.

நாயகர்கள் உலவும் ஓர் உலகத்திலே சாதாரண மனிதருக்கு என்ன வேலை? கூத்து, காப்பியம், நாடகம், வரலாறு என்று எதை வாசித்தாலும் என்னுள் எழுகின்ற கேள்வி இது. இதனைத் தெல்லிப்பழையையும் அதன் அயலூர்களையும் மையமாக வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்த மண்ணில் நாயகர்களைப் பாடியவர்களும் இருந்தார்கள். சாதாரண மனிதனுக்குக் காவியம் பாடிய ஒருவரும் அங்கே படித்து வளர்ந்தார். பின்பு நாயகர்களின் யுத்தம் அந்த மண்ணையே ஆளில்லாத காடாக்கியது.

அதற்கு முன்னர், இதே கேள்வி இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டிலும் எழுந்திருப்பதைச் சொல்ல வேண்டும். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுக்கெல்லாம் மூலம் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துக்கொள்வர். ஒருவர் மட்டும் நடுவராக இருந்து மற்ற எல்லோருக்காகவும், அதாவது சத்திரக்காரன், கொல்லன், காவலாளி, கிழவி எல்லோருக்காகவும் பேசுவார். அதற்கு முன்னோடியாக, 1971இல், கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டிருந்தனர். அதில் நாயகனுக்குத் தரப்பட்ட வரைவிலக்கணம் மிக எளிமையானது: ஒரு நாயகன் 4 சாதாரண ஆட்களின் சண்டை வலிமை உடையவன். அதிநாயகன் என்றால் 8 ஆட்கள். மூன்று ஆண்டுகளின் பின் வந்த விளையாட்டிலும் போர்வீரன் 4ஆம் படியை எட்டும்போதுதான் நாயகன் என்ற பட்டத்தைப் பெறுவான்.

இந்தக் கணக்கில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தன்னிகரில்லாதவன் என்று நாம் பாடிய நாயகனையும் அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது. அந்த அளவுகோல் சாதாரண மனிதன். அவன் இல்லாவிட்டால் நாயகன் எவ்வளவு பெரியவன் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அளவுகோலுக்குப் பெயர் கிடையாது. அதே விளையாட்டில் கொல்லனுக்கும் மாலுமிக்கும் மாதக்கூலிப் பட்டியல் உண்டு, பெயர்ப் பட்டியல் இல்லை. எனது ராத்தாவின் மகன் கணினியில் இவ்வகை விளையாட்டு ஒன்றை ஆடும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கிராமத்துக் கொல்லன் ஒரே வசனத்தையே எத்தனை தரமும் சொல்வான். நாயகன் அவனுடைய வீட்டுக்குள் புகுந்து பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்தாலும் கேட்க மாட்டான். 1988இல் வந்த அல்டிமா தொடரின் 5ஆம் விளையாட்டில் ஊர்மக்கள் காலையில் எழுந்து, வேலைக்குப் போய், சாப்பிட்டு, இரவில் உறங்கும்படி அமைத்தார்கள். அது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. சாதாரண மனிதனுக்கு ஒரு நாள் உண்டு என்பதையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2

யாழ்ப்பாணத்துக் கூத்தில் இந்தக் கணக்கு வேறு விதமாக வரும். காத்தவராயன் கூத்தை எடுத்துக்கொள்வோம். முத்துமாரி அம்மனுக்கு நேர்த்தியாக விடிய விடிய ஆடப்படும் இந்தக் கூத்து குடாநாட்டின் பல ஊர்களிலும் வழங்கி வந்தது. காத்தவராயன் ஒருவன்தான். ஆனால் அவனை ஆடுபவர் ஒருவர் அல்லர். பாலகனாக ஒருவர், பின்பு ஒருவர், அதன் பின்பு இன்னொருவர், இறுதியில் கழுவேறுபவர் ஒருவர் என்று ஓர் இரவில் மூன்று நான்கு பேர் அந்த ஒரே நாயகனை மாறி மாறிச் சுமப்பார்கள். அவர்கள் கமக்காரர்கள், மீனவர்கள், கூலி வேலை செய்பவர்கள். பகலில் வெங்காயத்துக்கு நீர் இறைத்த கைதான் இரவில் வாளைப் பிடிக்கும். விடிந்ததும் அது மறுபடி துலாவைப் பிடிக்கும்.

செயின்மெயிலில் ஒரு நாயகன் நாலு பேரை வெல்வான். கூத்திலே நாலு பேர் சேர்ந்து ஒரு நாயகனை உண்டாக்குகிறார்கள். இரண்டிலும் எண் ஒன்றாக வருவது தற்செயல்தான். ஆனால் உறவு தலைகீழானது. கூத்தைப் பார்க்கும் ஊருக்கு முடியின் கீழே இருப்பவர் யாருடைய மகன் என்று தெரியும். அவர் அடி தவறினால் அண்ணாவியார் அதட்டுவதும் கேட்கும். நாயகனை நம்புவதும் அவனுக்கு உள்ளே இருக்கும் அயலவனை மறக்காமல் இருப்பதும் அங்கே ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இதனை நான் அளவுக்கு மீறிப் புகழ விரும்பவில்லை. யார் எந்த முடியைத் தரிக்கலாம், யார் எங்கே நின்று பார்க்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த சமூகம் அது. கதைக்குள்ளும் அப்படித்தான். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் இதற்கு நல்ல உதாரணம். 1989இல் மறைந்த வைரமுத்து அந்த இசை நாடகத்தை 3,000 தடவைகளுக்கு மேல் மேடையேற்றியவர் என்பர். தெல்லிப்பழையும் அதன் அயலும் அவரது குரலுக்கு அழுத ஊர்கள். மன்னன் தன் வாய்மைக்காக நாட்டை இழந்து, மனைவி மக்களை விற்று, சுடலை காக்கும் வீரவாகுவுக்கு அடிமையாகிறான். வாய்க்கரிசியும் முழத்துண்டும் காற்பணமும் கேட்டு நிற்கிறான். சபை விம்மும். எதற்காக விம்முகிறது? மன்னன் சில காலம் செய்ய நேர்ந்த வேலைக்காக. அந்த வேலையையே தலைமுறை தலைமுறையாகச் செய்த வீரவாகுவுக்காக எவரும் விம்மியதாக நான் அறியேன். கதை முடிவில் அரிச்சந்திரனுக்கு முடி திரும்பக் கிடைக்கும். சுடலையில் மறுநாள் பிணம் எரிக்க யார் வந்தார் என்று கதை சொல்லாது.

3

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் இதற்கு மாற்றான ஓர் இழை உண்டு என்பதை நம்மவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. படைப்போர் என்ற வகையை நம் புலவர்கள் வளர்த்தார்கள் என்பது உண்மை. அவை வாள்வீச்சுக்களால் நிறைந்தவை. ஆனால் நொண்டி நாடகமும் நம்மிடம் இருந்தது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் போற்றும் சீதக்காதி நொண்டி நாடகத்தில் மேடையில் நின்று கதை சொல்பவன் வள்ளல் அல்லன். குதிரை திருடப் போய்க் காலை இழந்த ஒரு கள்வன். தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறான். வள்ளலின் ஆதரவு பெற்று மக்கா சென்று கால் வளரப் பெறுகிறான். வள்ளலின் பெருமை, அவனால் எழுந்து நடக்க முடிந்த ஒரு நொண்டியின் வாயால் அளக்கப்படுகிறது. இங்கும் அளவுகோல் சாதாரண மனிதனே. ஆனால் அளவுகோல் வாய் திறந்து பேசுகிறது.

சீறாவிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, கி.பி. 627இல், மதீனாவைக் காத்தது வாள் வீரத்தைவிட மண்வெட்டிதான். அடிமையாக வாழ்ந்து மீண்ட ஸல்மான் பாரிஸி (ரலி) சொன்ன யோசனைப்படி ஊரின் திறந்த பக்கத்தில் அகழ் வெட்டப்பட்டது. ஏறத்தாழ 3,000 பேர் வெட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். கந்தக் யுத்தம் என்று நாம் சொல்லும்போது ஒரு வீரனின் பெயரையோ இடத்தின் பெயரையோ சொல்லவில்லை. மனிதர் கூடி வெட்டிய ஒரு குழியின் பெயரைச் சொல்கிறோம். ஆயினும் நமது மேடைகளில் அலி (ரலி) அவர்களின் வாளுக்குக் கிடைத்த வரிகளில் சிறு பங்குகூட அந்த மண்வெட்டிகளுக்குக் கிடைத்ததில்லை.

4

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி 1910இல் பாவலர் தெ.அ. துரையப்பாபிள்ளையால் நிறுவப்பட்டது. மகாஜனம் என்றால் பொதுமக்கள். பாவலர் ஒரு நாடகாசிரியர். அவருடைய நாடகத்தின் பெயர் சகலகுணசம்பன்னன். எல்லாக் குணங்களும் நிறைந்தவன் என்ற அந்தப் பெயரே பழைய தலைவனின் இலக்கணம்தான். அதே கல்லூரியில் பயின்ற அளவெட்டி உருத்திரமூர்த்தி, மஹாகவி என்ற பெயரில் எழுதி, எந்தக் குணத்திலும் தனித்துத் தெரியாத ஒருவனைக் காவியத் தலைவனாக்கினார். 1971இல், தமது 44ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அந்தக் காவியத்தின் பெயர் ஒரு சாதாரண மனிதனது சரித்திரம். பெயரே ஒரு வாதம். சரித்திரம் என்ற சொல் அதுவரை அரசர்களுக்கும் அடியார்களுக்கும் உரியதாக இருந்தது. மஹாகவியின் காவியத்தில் ஒரு மனிதன் பிறக்கிறான், வளர்கிறான், உழைக்கிறான், குடும்பம் காண்கிறான், முதுமையடைந்து மறைகிறான். அவனுக்குப் பின்னும் வாழ்க்கை நடக்கிறது. யாழ்ப்பாணத்து மண்ணில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடந்ததே அவனுக்கும் நடக்கிறது. நிகர் இல்லாதவன் தலைவன் என்பதற்குப் பதிலாக, எல்லோருக்கும் நிகரானவன் தலைவன் என்று ஆகிவிடுகிறது.

கோடை என்ற பாநாடகத்திலும் இதையே செய்தார். வெள்ளையர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஒரு நாதஸ்வரக் குடும்பம். மகளைக் கலைஞனுக்குக் கொடுப்பதா, பொலிஸ்காரனுக்குக் கொடுப்பதா என்பதே பிரச்சினை. சுதந்திரப் போராட்ட வீரர் எவரும் மேடைக்கு வரவில்லை. ஆனால் ஒரு நாட்டின் அடிமைத்தனம் ஒரு வீட்டின் திண்ணை வரைக்கும் எப்படி வருகிறது என்பதை அந்த நாடகம் காட்டிவிடுகிறது.

என்னை மிகவும் பாதித்தது தேரும் திங்களும் என்ற சிறு கவிதை. அதன் பின்புலத்தைச் சொல்ல வேண்டும். தெல்லிப்பழையை அடுத்த மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. தாழ்த்தப்பட்டவர்களாக வைக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்ல வந்தார்கள். வாசலில் தடுக்கப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்திருந்தும் வாசல் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1969 ஜூலையில், மனிதன் சந்திரனில் கால் வைத்தான். மஹாகவி இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஒருவன் தானும் ஒரு கை கொடுக்க வருகிறான். அவனும் ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவன். அவனை அடித்து வீழ்த்துகிறார்கள். தேர் நின்றுவிடுகிறது. சந்திரனைத் தொட்டுவந்த மனிதனின் உறவினன் மண்ணிலே புரள்கிறான்.

நாயகனும் சாதாரண மனிதனும் உறவினர் என்பதே இந்தக் கவிதையின் சாரம். அது வெறும் உணர்ச்சி வாசகம் அன்று. அப்பலோ திட்டத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் உழைத்தார்கள். விண்வெளி உடைகளைத் தைத்த தையற்பெண்களும் அவர்களுள் அடக்கம். தேரும் அப்படித்தான். தேரின் உச்சியில் இருப்பவர் ஒருவர், வடம் பிடிப்பவர் பலர். வடம் பிடிக்க வந்த ஒரு கையை விலக்கினால் தேர் நிற்கும் என்பதைக் கவிஞர் உவமையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

மஹாகவியின் எழுத்துக்களைத் தொகுத்தும் பதிப்பித்தும் விமர்சித்தும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர் கல்முனையின் எம்.ஏ. நுஃமான் என்பது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குத் தெரிந்ததே. வலிகாமத்துக் கவிஞன் ஒருவனுக்குக் கிழக்கிலங்கை முஸ்லிம் ஒருவர் வாரிசானார். நாயகர்களின் அரசியல் நம் இரு சமூகங்களையும் பிரித்துக்கொண்டு போன காலத்திலும், சாதாரண மனிதனின் இலக்கியம் இப்படி ஒரு பாலத்தைக் கட்டி வைத்திருந்தது.

5

பின்பு யுத்தம் வந்தது. யுத்த காலம் நாயகர்களின் காலம். ஒரு பக்கத்தில் மாவீரர்கள், மறுபக்கத்தில் ரணவிருவோ. இரண்டு மொழியிலும் பாடல்கள், நினைவுத் தூண்கள், சுவரொட்டிகள். அந்தக் கதையாடல்களில் சாதாரண மனிதனுக்குக் கிடைத்த பாத்திரம் மிகச் சிறியது: மீட்கப்பட வேண்டியவன், அல்லது வழியை விட்டு விலக வேண்டியவன்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, பலாலி உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் முகாம்களில் காத்திருந்தவர்கள் உண்டு. முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே பெற்றோரானார்கள். துண்டு துண்டாக நிலம் விடப்பட்டபோது வேலிக்குள்ளே சென்ற பலருக்குத் தம் வீடு இருந்த இடத்தை அடையாளம் காட்டக் கிணறு மட்டுமே மிஞ்சியிருந்தது.

அதே 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரியை அடுத்த மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு நீங்கும்படி பணிக்கப்பட்டனர். வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர் கையில் கிடைத்ததோடு நடந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். இவர்கள் யார்? தையற்காரர்கள், இரும்புக் கடைக்காரர்கள், இறைச்சி விற்பவர்கள், ஆசிரியர்கள், லொறிச் சாரதிகள். வலிகாமத்துக் கல்யாண வீடுகளுக்குச் சட்டை தைத்தவர்களும், அங்கே வீடு கட்டியவர்களுக்கு இரும்பு விற்றவர்களும் இவர்களுள் இருந்தார்கள். இவர்கள் எந்த நாயகனின் கதையிலும் பாத்திரங்கள் அல்லர். அதனால்தான் இவர்களை இரண்டு மணி நேரத்தில் அழித்தெழுத முடிந்தது. சரியாக 5 ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். தேதி ஒன்றாக அமைந்ததைத் தண்டனை என்றோ நீதி என்றோ பேசியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அது நாயகர்களின் கணக்கு. ஒரு தையற்காரரின் இழப்பை ஒரு கமக்காரரின் இழப்பால் ஈடு செய்யும் கணக்கை நாம் ஏற்கலாகாது.

இன்று நம்மிடம் வெளியேற்றத்தைப் பற்றிய எழுத்துக்கள் ஓரளவு உண்டு. வலிகாமம் வடக்கின் இடப்பெயர்வைப் பற்றியும் உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு அலுமாரிகளில் இருக்கின்றன. நம் நூல்களில் தெல்லிப்பழைக் கமக்காரர் இல்லை. அவர்களுடைய நூல்களில் சோனகத் தெருத் தையற்காரர் இல்லை. நாயகர்களை மையமாக வைத்து எழுதப்படும் வரலாறு இந்தப் பிரிவை என்றைக்கும் சரிசெய்யாது. ஒருவனுடைய மாவீரன் மற்றவனுக்குத் துரத்தியவனாக இருப்பான். சட்டை தைத்தவரையும் அதை அணிந்தவரையும் மையமாக வைத்தால் ஒரே பக்கத்தில் இருவரும் வந்தே தீர வேண்டும்.

6

நாலு பேர் என்பது தமிழில் ஓர் எண் அன்று. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று பொருள். நாலு பேருக்கு நல்லது செய் என்றால் உலகத்துக்கு நல்லது செய் என்று பொருள். பாடையைத் தூக்கவும் சந்தூக்கைத் தூக்கவும் நாலு பேர் வேண்டும். மேலைநாட்டுப் போர் விளையாட்டுக்காரர் தற்செயலாகத் தொட்ட எண்ணை நம் மொழி வெகு காலமாகச் சமூகத்தின் பெயராக வைத்திருக்கிறது.

எனவே நம் எழுத்தாளர்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. பிரமுகர் வரலாறுகளையும் வள்ளல் வரலாறுகளையும் நாம் போதிய அளவு எழுதிவிட்டோம். இனி யாழ்ப்பாணத்து ஒரு தையற்கடையின் கணக்குக் கொப்பியை, அது எங்கேனும் தப்பியிருந்தால், தேடி எடுங்கள். யாருக்கு எத்தனை சட்டை, யாரிடம் எவ்வளவு கடன் என்று அதில் இருக்கும். அந்தப் பெயர்களில் தெல்லிப்பழைப் பெயர்களும் அளவெட்டிப் பெயர்களும் நிச்சயம் வரும். கொப்பி கிடைக்காவிட்டால், அந்தக் கடையில் பொத்தான் தைத்த பையனுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ இருப்பார். அவருக்கு அந்தப் பெயர்கள் ஞாபகம் இருக்கும். அவர் இருக்கும்போதே போய்க் கேட்டுவிட வேண்டும்.